குலுக்கையும் என் ஸ்டாக் ரெஜிஸ்டரும்

போன வாரம் மதியம் சாப்பாட்டு நேரத்தில், எங்கள் கிளைக்குப் புதுசா மாற்றலாகி வந்திருக்கும் தம்பி டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே கேட்டார். "சார், ஜூன் வர்றதுக்குள்ள நாலு மாசத்துக்குச் சாமான் வாங்கி வச்சுக்கோங்கன்னு பக்கத்து வீட்டு மராட்டிக்கார அம்மா சொல்றாங்க. என்ன வாங்கணும், எவ்வளவு வாங்கணும், எங்க வைக்கணும்?"

விருதுநகர்ப் பையன். கல்யாணமாகி ஆறு மாசம். செம்பூரில் வாடகை வீடு. சமையலறையில் ரெண்டு பேர் நின்றால், ஒருத்தர் வெளியே வந்தால்தான் மற்றவர் திரும்ப முடியும். மும்பைக்கு வந்த நம்ம ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த சமையலறைதான்.

"என்கிட்ட ஒரு எக்ஸெல் ஷீட் இருக்கு, அனுப்பறேன்" என்றேன். அனுப்பியும் விட்டேன். ராத்திரி படுத்தபிறகுதான் உறுத்தியது. அந்த ஷீட்டில் சாமான் பெயர், வாங்கிய தேதி, அளவு, எந்த டப்பா, எப்போது முடிக்கணும் என்று எல்லாம் இருக்கும். கடைசிப் பத்திக்கு மட்டும் 'ஓட்டை' என்று தலைப்பு. தம்பி நிச்சயம் கேட்பார், இது என்ன சார் என்று. வாயால் சொல்வதைவிட எழுதிவிடுவது எனக்குச் சுலபம். அதான் இந்தப் பதிவு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கோங்க.

எனக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். தாமிரபரணித் தண்ணி, ரெண்டு போகம். தாத்தா வீட்டில் அடுப்படியை ஒட்டின இருட்டு அறையில் ஒரு குலுக்கை நிற்கும். தஞ்சாவூர்ப் பக்கம் பத்தாயம் என்பார்கள், வேறு ஊர்களில் குதிர். எங்க பக்கம் குலுக்கை. களிமண்ணையும் வைக்கோலையும் குழைத்து, உறை மேல் உறையாக வைத்துச் செய்தது. ஆள் உயரத்துக்கு மேல். தரையில் நேராக உட்காராது, நாலு கல்லின் மேல்தான் உட்காரும். மேலே நெல் கொட்டுவதற்கு ஒரு வாய். கொட்டி முடித்ததும் மூடி போட்டு, மண்ணும் சாணியும் குழைத்து மெழுகிவிடுவார்கள். அடியில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை. அதைத் துணி வைத்து அடைத்திருப்பார்கள். ஆச்சி அந்தத் துணியைப் பிடுங்குவாள், நெல் சரசரவென்று பெட்டியில் கொட்டும், வேண்டிய அளவு வந்ததும் திரும்ப அடைப்பாள்.

பாளையங்கோட்டையில் பி.காம். படிக்கும்போது சரக்கு மதிப்பீட்டுப் பாடத்தில் 'பிஃபோ' வந்தது. முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே போகணும். வகுப்பில் பாதிப் பேர் முழித்தார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. புது நெல் மேலே போகும், பழைய நெல் கீழே வரும். ஆச்சி எந்த ரெஜிஸ்டரும் எழுதவில்லை. குலுக்கையைச் செய்த விதத்திலேயே அந்தக் கணக்கு இருந்தது. காற்றுப் படாது, ஈரம் ஏறாது, எலி வராது, பழசு தேங்காது.

ஓட்டையை நான் அன்றைக்குப் பாதிதான் புரிந்துகொண்டேன் என்பது பின்னால் தெரிந்தது. அதற்கு வருகிறேன்.

*

2004-ல் மாற்றலாகி மும்பை வந்தேன். அப்பா காலமாகியிருந்ததால் அம்மாவும் கூடவே வந்துவிட்டாள். ஆண்டாப் ஹில்லில் தரைத்தளத்தில் வாடகைக்கு ஒரு ரூம் கிச்சன். ஊரில் சொன்னால் ஏதோ மலை வாசஸ்தலம் என்று நினைத்துக்கொள்வார்கள் :) சி.ஜி.எஸ். காலனிக் கட்டடங்கள், அந்தப் பக்கம் வடாலா உப்பளம், இந்தப் பக்கம் கோலிவாடா, நடுவில் குடிசைகள். மாட்டுங்கா மார்க்கெட் பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான், தாராவி 90 அடி ரோடும் அப்படியே. அதனால் அப்பளம், இட்லி அரிசி, நல்லெண்ணெய் எதற்கும் பஞ்சமில்லை. பக்கத்திலேயே ஆண்டாப் ஹில் வேர்ஹவுசிங் என்று கிடங்குகள் நிறைந்த ஒரு வளாகம் வேறு. கிடங்குக்குப் பேர்போன இடத்தில்தான் நான் சரக்கு வைக்கக் கற்றுக்கொண்டேன்.

முதல் பாடம் 2005 ஜூலை 26, செவ்வாய்க்கிழமை. அந்த மே மாசம்தான் அம்மா பெருமையாக ஐம்பது கிலோ மூட்டை இட்லி அரிசி வாங்கி, ஒரு பலகை போட்டு அதன்மேல் நிறுத்தியிருந்தாள். நான் கோட்டை ஏரியாவில் ஆபீசில் இருந்தேன். அங்கே மழை பெரிசாக ஒன்றுமில்லை. கொலாபாவில் அன்றைக்குப் பதிவானது சுமார் 73 மில்லிமீட்டர், சாந்தாகுரூஸில் 944. ஒரே ஊர், ஒரே நாள். ரயில் நின்றுவிட்டது என்று தெரிந்து நடக்க ஆரம்பித்தேன். பைகுல்லா, பரேல், தாதர் வரைக்கும் நடை. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் வந்ததும் நடை போய் நீச்சல் மாதிரி ஆனது. வீட்டுக்கு வந்தபோது ராத்திரி ஒரு மணி. அம்மா கட்டில் மேல் உட்கார்ந்திருந்தாள். அரிசி மூட்டை பாதிக்கு மேல் சாக்கடைத் தண்ணீரில்.

தண்ணீர் வடிந்தபிறகு மேல்பாதி அரிசியாவது தேறும் என்று நான் சொன்னேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "சாக்கு வழியா ஈரம் ஏறியிருக்கும்யா. சோறு கெட்டாப் பரவாயில்ல, வயிறு கெடக்கூடாது" என்று மொத்தத்தையும் தூக்கிப் போடச் சொன்னாள். அவள் சொன்னதுதான் சரி. சாக்கடைத் தண்ணி பட்ட எந்தத் தானியத்தையும் கழுவிக் காயவைத்துச் சாப்பிடக் கூடாது. மின்சாரம் இல்லாததால் ஃப்ரிட்ஜில் இருந்த மாவும் புளித்துப் பொங்கி வழிந்தது. பரணில் இருந்த அவல், பொட்டுக்கடலை, வெல்லம், இந்த மூன்றும்தான் எங்களைக் காப்பாற்றின. அடுப்பு மூட்ட முடியாத நாளுக்கு என்ன இருக்கு என்று யோசிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

2010-ல் மூன்றாம் மாடிக்கு மாறினோம். 450 சதுர அடி. அதற்குள் கல்யாணம், ஒரு பெண் குழந்தை. நடுவில் எனக்கு மூன்று வருஷம் நாக்பூர், குடும்பம் இங்கேயே. நாலு பேருக்கான கணக்கை அப்போதுதான் ஒழுங்காகப் போட்டேன். தம்பிக்கும், புதுசாக வந்திருக்கும் மற்றவர்களுக்கும் உபயோகமாக இருக்கட்டும் என்று அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு மாசம், வீட்டில் என்ன செலவாகிறது என்று குறித்துவையுங்கள். எங்க வீட்டில் மாசத்துக்குச் சாப்பாட்டு அரிசி 10 கிலோ, இட்லி அரிசி 6, உளுந்து 2, துவரம்பருப்பு 3, கோதுமை மாவு 5, எண்ணெய் 3 லிட்டர், புளி முக்கால் கிலோ. உங்க வீட்டுக் கணக்கு வேறாக இருக்கும். முக்கியம், தினம் சாப்பிடுவதைத்தான் சேர்த்து வைக்கணும். ஆபத்துக்கு ஆகும் என்று சாப்பிடாத ஓட்ஸையும் சூப் பவுடரையும் வாங்கி அடுக்கினால், ஆபத்து வரும்போது அதற்குத் தேதி முடிந்திருக்கும்.

அடுத்தது, எது எத்தனை நாள் தாங்கும் என்பது. பச்சரிசி, புழுங்கலரிசி காய்ந்த நிலையில் ஒரு வருஷம் தாராளமாக நிற்கும். பழைய அரிசிதான் உதிரியாகவும் வேகும். கைக்குத்தல் அரிசி அப்படியில்லை. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும், ஒரு மாசத்துக்கு மேல் வாங்காதீர்கள். கோதுமை மாவு, ரவை, கடலை மாவும் மாசத்துக்கு மாசம்தான். ரவையை வறுத்து வையுங்கள். ஃப்ரீசரில் இடமிருந்தால் வாங்கியதும் ஒரு வாரம் அதில் வைத்து எடுத்தால் முட்டை, புழு எல்லாம் செத்துவிடும். புளியைக் கொட்டை எடுத்து, கல்லுப்பு கலந்து, பீங்கான் ஜாடியில் அமுக்கி வைத்தால் வருஷம் முழுக்க வரும். கறுக்கும், கெடாது. எவர்சில்வரில் கூட நாள்பட வைக்காதீர்கள். வெல்லம் மழைக்காலத்தில் வியர்த்து ஒழுகும். சின்னச் சின்னதாகப் பொட்டலம் போட்டு இறுக்க மூடிய டப்பாவில் வைக்கணும்.

மும்பையில் எதிரி ஈரம்தான். அரிசியின் ஈரப்பதம் 14 சதவீதத்துக்குள் இருந்தால்தான் அது நாள்பட நிற்கும். இங்கே ஜூலையில் காற்றிலேயே ஈரம் எண்பதைத் தாண்டும். அரிசி வண்டு அரிசியைத் துளைத்து, உள்ளே முட்டையிட்டு, வாயை மூடிவிடும். உள்ளேயே புழுவாகி, கூட்டுப்புழுவாகி, இந்தச் சூட்டுக்கு ஒரு மாசத்தில் வண்டாக வெளியே வரும். அதனால்தான் எத்தனை சலித்தாலும் பத்தே நாளில் திரும்ப வருகிறது. மே மாச வெயிலில் ரெண்டு நாள் காயவைத்து, நன்றாக ஆறவிட்டு, அதற்குப்பிறகு டப்பாவில் போட்டு மூடணும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துவிடும். வேப்பிலை போடுவதென்றால் நிழலில் உலர்த்திப் போடுங்கள், பச்சையாகப் போட்டால் அதுவே பூஞ்சைக்கு வழி.

துவரம்பருப்புக்கு விளக்கெண்ணெய். கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் போதும், எல்லாப் பருப்பிலும் மினுமினுப்பு ஏறும்வரை கையால் புரட்டணும். எதிர்வீட்டுக் காக்கூவும் இதையேதான் செய்கிறார். அவர்கள் வீட்டில் ஏப்ரல், மே வந்தால் வருஷத்துக் கோதுமை மொத்தமும் மொட்டை மாடியில் காயும். கூடவே அப்பளம், குர்டை எல்லாம் போடுவார்கள். அந்த வேலைக்கே 'வாள்வண்' என்று பெயர். நம்ம ஊர் வத்தல் வடகம்தான் வேறு பாஷையில். மாடியில் கயிறு போட்டு எங்களுக்குப் பாதி, அவர்களுக்குப் பாதி.

ஒரு பெரிய டிரம்முக்குப் பதிலாக ஐந்து கிலோ டப்பாக்களாக வையுங்கள். ஒன்றில் வண்டு விழுந்தால் மற்றவை பிழைக்கும். தரையிலிருந்து ரெண்டு அடியாவது மேலே, பாத்ரூம் சுவரையும் ஓதம் அடிக்கும் வெளிச்சுவரையும் ஒட்டாமல். மழைக்கால வெள்ளம், மின்தடை இரண்டுக்கும் சேர்த்து மூன்று நாளுக்குச் சமைக்காமல் சாப்பிடும் சாமான், குடிதண்ணீர், மருந்து தனியாக இருக்கணும். 2020 அக்டோபர் 12-ம் தேதி மும்பையே இருட்டாகி, குழாய்க்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரும் நின்றது ஞாபகம் இருக்கலாம்.

கடைசியாக ஒன்று. வண்டுக்கு மாத்திரை போடுகிறேன் என்று யாராவது அலுமினியம் பாஸ்பைடு கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள். காற்றில் இருக்கும் ஈரம் பட்டாலே விஷ வாயு வரும். கிடங்குகளில் பயிற்சி பெற்றவர்கள் பயன்படுத்துவது அது. பூட்டிய வீட்டுக்குள் ஆட்களையே கொன்றுவிடும். பாதரசம் கலந்த மாத்திரையும் இந்தப் பக்கம் கிடைக்கும். சோற்றுக்குப் பக்கத்தில் பாதரசம் எதற்கு?

இவ்வளவும் நான் 2020 வருவதற்கு முன்னாலேயே ஷீட்டில் போட்டு வைத்திருந்தவை. பெண்ணுக்கு அப்போது பன்னிரண்டு வயசு, லேபிள் எல்லாம் அவள் எழுதியது. வங்கியில் எஸ்.எல்.ஆர். மாதிரி வீட்டுக்கும் ஒரு இருப்பு, 90 நாளுக்குக் குறையவே கூடாது என்று விதி. தங்கமணி, "உங்க ஆர்.பி.ஐ. எப்ப இன்ஸ்பெக்ஷனுக்கு வருது?" என்று கிண்டலடிப்பாள்.

*

2020 மார்ச் 22 ஞாயிற்றுக்கிழமை ஜனதா ஊரடங்கு. அதற்கு முந்தைய நாளும் மறுநாளும் நான் கடைக்கு ஓடினேன். இருப்பு ஏற்கெனவே 90 நாளுக்கு இருந்தது. இருந்தும் ஓடினேன். காய்கறி கிடைக்காவிட்டால் பயறாவது வேணும் என்று, பச்சைப் பயறு 5 கிலோ, கொண்டைக்கடலை 5, தட்டாம்பயறு 4, மொத்தம் 14 கிலோ. வெயிலில் போடவில்லை, எண்ணெய் புரட்டவில்லை. மாடிக்குப் போகவே பயமாக இருந்த நேரம். மூன்றையும் மூன்று பையில் கட்டி, ஒரே பெரிய டிரம்மில் இறக்கி மூடினேன். 24-ம் தேதி ராத்திரி எட்டு மணிக்கு நாடு முழுக்க ஊரடங்கு என்று பிரதமர் அறிவித்தபோது, அந்த டிரம்மைப் பார்த்து எனக்கு ஒரு நிம்மதி வந்தது. மறைக்காமல் சொல்கிறேன், கொஞ்சம் பெருமையும் வந்தது.

எங்க வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த அக்கா விழுப்புரம் பக்கம். கொக்ரி ஆகாரில் குடியிருந்தார்கள். வீட்டுக்காரர் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர், ரெண்டு பிள்ளைகள். கிடங்கு மூடியாச்சு, கூலி இல்லை. சம்பளத்தை நாங்கள் நிறுத்தவில்லை. ஆனால் அவர் போன நாலு வீட்டில் மூன்று வீடு நிறுத்திவிட்டன. ரேஷனில் தலைக்கு 5 கிலோ இலவசம் என்று அறிவித்திருந்தார்கள். அக்காவின் கார்டு விழுப்புரத்துக் கார்டு. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு சேர்ந்தது அந்த வருஷம் அக்டோபர் 1-ம் தேதிதான். ஏப்ரலில் அந்தக் கார்டுக்கு மும்பையில் ஒரு அரிசி கூடக் கிடைக்காது.

ஏப்ரல் ரெண்டாவது வாரம் சொசைட்டி கேட்டில் வந்து நின்று போன் பண்ணினார். உள்ளே விடமாட்டார்கள். "சார், ஒரு பத்துக் கிலோ அரிசியும், பயறு பருப்பு எதுனா ரெண்டு கிலோவும் குடுத்தீங்கன்னா, வேல ஆரம்பிச்சதும் சம்பளத்துல புடிச்சிக்கங்க."

நான் ஷீட்டைத் திறந்தேன். இன்றைக்கும் இதை எழுதக் கை கூசுகிறது. கேட்டில் ஒரு மனுஷி நிற்க, நான் ஷீட்டைத் திறந்து பார்த்தேன். பத்துக் கிலோ போனால் அரிசி 90 நாளுக்குக் கீழே இறங்கும். "அஞ்சு கிலோ அரிசி, அரைக் கிலோ பயறு கொடுக்கலாம்" என்றேன். தங்கமணி, "கேட்டதைக் குடுத்துடலாமே" என்றாள். "தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும். இது எத்தனை மாசம் போகும்னு யாருக்குத் தெரியும்?" என்று நான் சத்தம் போட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கட்டிக் கொண்டுபோய்க் கேட்டில் வைத்தேன். "இது போதும் சார், நல்லாருங்க" என்று அக்கா எடுத்துக்கொண்டு போனார்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. அதற்கு ரெண்டு வாரம் முன்னால், மார்ச் 27-ம் தேதி, ரிசர்வ் வங்கி வங்கிகளின் ரொக்க இருப்பு விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 3 ஆகக் குறைத்தது. சுமார் 1 லட்சத்து 37 ஆயிரம் கோடி ரூபாய் வங்கிகளின் கைக்கு வரும், கஷ்டப்படுகிறவர்களுக்குக் கடன் போகட்டும் என்று. வங்கிகள் திறந்திருந்ததால் பெஸ்ட் பஸ்ஸில் தினம் வேலைக்குப் போனவன் நான். கிளையில் அதை விளக்கிச் சொன்னவனும் நான்தான். இருப்பு வைப்பதே நெருக்கடியில் இறக்குவதற்கு என்று அழகாகப் பேசினேன். வீட்டில் என் ரிசர்வ் ரேஷியோவை ஒரு கிலோ கூட இறக்கவில்லை.

நான் ஒருத்தன் மட்டும் அப்படி இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ள ஒரு கணக்கும் இருக்கிறது. இந்திய உணவுக் கழகம் 1965-ல் ஆரம்பித்தது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் நம்ம தஞ்சாவூரில்தான் திறந்தார்கள். ஏப்ரல் 1-ம் தேதி மத்தியத் தொகுப்பில் இருக்க வேண்டிய அரிசி, கோதுமைக்கு நெறியளவு 210.40 லட்சம் டன். 2020 ஏப்ரலில் அதைப்போல ரெண்டு மடங்குக்கும் மேல் கிடங்குகளில் இருந்தது. அதே சமயம் அக்காவைப் போன்றவர்கள் கார்டு வேற மாநிலம் என்பதால் கேட்டு கேட்டாக நின்றார்கள். அவ்வளவு பெரிய குலுக்கையிலும் அவர்கள் பக்கம் ஓட்டை திறக்க நாளானது. ஆனால் நாட்டுக் கணக்கைக் காட்டி என் வீட்டுக் கணக்கை மூட முடியாது.

ஜூன் ரெண்டாவது வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் சுண்டலுக்குக் கடலை எடுக்க அந்த டிரம்மைத் திறந்தோம். திறந்ததும் ஒரு சூடும், மாவு வாடையும். பையெல்லாம் பொத்தல். பச்சைப் பயறை அள்ளினால் கையில் கனமே இல்லை. ஒவ்வொன்றிலும் வட்டமாக ஒரு துளை, உள்ளே வெறுங்கூடு. தட்டாம்பயறு அதைவிட மோசம். வாங்கும்போதே சில பயறு மேல் வெள்ளைப் புள்ளி பார்த்திருந்தேன், தூசி என்று நினைத்தேன். அது பயறு வண்டின் முட்டை. வயலிலேயே ஒட்டிக்கொண்டு கூடவே வரும். உடைத்த பருப்பைவிட முழுப் பயறுதான் அதற்குப் பிடித்தம். வெயிலில் ரெண்டு நாள் போட்டு, எண்ணெய் புரட்டியிருந்தால் தப்பித்திருக்கும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் இந்த வண்டைப் பிடிப்பதற்கென்றே ஓட்டை ஓட்டையாகக் குழாய் வைத்த ஒரு பொறி செய்திருக்கிறது. அதெல்லாம் நான் பிறகுதான் படித்தேன்.

அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்தாள். மத்தியானம் முழுக்கப் புடைத்தாள். தேறியதை நான் எடை போட்டேன், பழக்கதோஷம். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கொடுத்த அரைக் கிலோவும் சமைத்த ரெண்டொரு வேளையும் போக, பத்துக் கிலோ குப்பைக்கு. அக்கா கேட்டது ரெண்டு கிலோ.

அம்மா அப்போதும் என்னைத் திட்டவில்லை. முறத்தைத் தட்டிக்கொண்டே, "ஒங்க ஆச்சி ஓட்டையைத் திறக்கும்போது நம்ம வீட்டுக்கு மட்டுமாய்யா எடுப்பா? களத்துல வேல செஞ்சவுகளுக்கு, கேட்டு வந்தவுகளுக்கு எல்லாம் அதே ஓட்டையிலதான். அடியில எடுக்க எடுக்கத்தான் மேல புதுசு போடலாம். எடுக்காம வச்சிருந்தா வண்டு எடுத்துக்கிடும்" என்றாள்.

அன்று சாயங்காலமே அக்காவுக்குப் போன் போட்டேன். மே மாசமே தமிழ்நாட்டுக்குக் கிளம்பிய ஷ்ரமிக் ரயில் ஒன்றில் ஊருக்குப் போய்விட்டார்களாம். மறுபடி அவர் மும்பை வந்தது 2021 ஆரம்பத்தில். வந்த முதல் நாள் ஒரு பொட்டலம் மணத்தக்காளி வத்தலை அம்மா கையில் கொடுத்தார். பேச்சுவாக்கில், "அன்னிக்கு நீங்க குடுத்த அஞ்சு கிலோ ஒம்போது நாள் வந்துச்சு சார். பத்தாம் நாளு ஒரு மண்டபத்துல சோத்துப் பொட்டலம் குடுக்க ஆரம்பிச்சாங்க, பொழைச்சிக்கிட்டோம்" என்றார். நன்றியாகத்தான் சொன்னார். எனக்கு மட்டும் அது வேறு மாதிரிக் கேட்டது. பத்துக் கிலோவாக இருந்திருந்தால் பதினெட்டு நாள்.

*

ஷீட்டில் 'ஓட்டை' வந்தது அதற்கப்புறம். ஒவ்வொரு மாசமும் புதுச் சாமான் வாங்குவதற்கு முந்தின நாள், இருப்பதிலேயே பழைய டப்பா ஒன்று வெளியே போகணும். கெட்டுப்போனதோ, கெடப்போவதோ இல்லை. நாங்களே மறுநாள் சமைக்கக்கூடிய சாமான்தான் போகும். அக்காவுக்கு, வாட்ச்மேனுக்கு, கட்டட வேலைக்கு வந்திருக்கும் குடும்பத்துக்கு, யாருக்கு வேண்டுமோ அவர்களுக்கு. போன தேதியும் அளவும் மட்டும் எழுதுவேன், யாருக்கு என்று எழுதமாட்டேன். அது அம்மாவின் உத்தரவு.

இப்படிச் செய்ய ஆரம்பித்தபிறகு நடந்த இன்னொன்றையும் சொல்லணும். வீட்டில் வண்டு வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது. அதில் அதிசயமில்லை. எதுவும் தேங்குவதில்லை, மாசாமாசம் ஒவ்வொரு டப்பாவையும் திறந்து பார்க்கிறோம், அவ்வளவுதான். 90 நாள் விதியை 60 ஆக்கிவிட்டேன். 450 சதுர அடியில் இடமும் மிச்சம்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். சேர்த்து வைப்பது என்பதே கையில் மொத்தமாகப் பணமும், வீட்டில் நாலு அடி இடமும் இருக்கிறவர்கள் செய்யக்கூடியது. கொக்ரி ஆகாரில் அக்காவின் வீடு மொத்தமும் எங்கள் ஹால் அளவு இருக்காது. அவர் அரைக் கிலோ, ஒரு கிலோ என்று தினக்கூலிக்குத் தகுந்தபடி வாங்குகிறவர். சில்லறையில் கிலோவுக்கு நம்மைவிட அதிக விலையும் கொடுக்கிறார். அவருக்குத் திட்டமிடத் தெரியவில்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். கையில் இருக்கும் நூறு ரூபாயில் நாலு பேருக்கு மூன்று வேளை யோசிப்பதைவிட என்ன பெரிய திட்டம் நான் போட்டுவிட்டேன்?

ஆக தம்பி, சாப்பாட்டு அரிசி நாலு மாசத்துக்கு, புளி, மிளகாய் வருஷத்துக்கு, மாவு மாசத்துக்கு. முழுப் பயறு குறைவாக, வெயிலில் போட்டு. கடைசிப் பத்தியை அழித்துவிடாதீங்க. செம்பூர் கிச்சனில் மூன்று டப்பாதான் வைக்க முடியும் என்றால், அதில் ஒன்றுக்கு அந்தப் பத்தியில் இடம் இருக்கட்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா ஹாலில் நியூஸ்பேப்பர் விரித்துத் துவரம்பருப்புக்கு விளக்கெண்ணெய் புரட்டிக்கொண்டிருக்கிறாள். எழுபத்தாறு வயசு. "கம்ப்யூட்டர்ல எழுதினது போதும், வந்து டப்பாவைத் தூக்கி மேல வைய்யி" என்று சத்தம் வருகிறது. போகிறேன்.

டிஸ்கி: மேலே சொன்ன அளவெல்லாம் எங்க நாலு பேர் வயிற்றுக்கு. உங்க வீட்டில் வளர்கிற பையன் இருந்தால் இட்லி அரிசியை மட்டும் ரெண்டால் பெருக்கிக்கொள்ளவும் :)